வாத்தியம் இல்லாத சரணம்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். நான் ஒரே பொய்யை வைத்துப் பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன். என் மனைவிக்குச் சுருதி நிற்காது. ஆனால் சர்ச் பாடற்குழுவில் பாடுவதென்றால் அவளுக்கு உயிர். அங்கே கீபோர்டு வாசிப்பவன் நான். அவள் குரல் எங்கெங்கே நழுவும் என்பது எனக்கு அத்துப்படி. அங்கெல்லாம் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி மூடிவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்பாள். "பிரமாதம்" என்பேன்.

இந்த வருஷம் குழுத்தலைவர் புதுசு. கிறிஸ்துமஸ் ஆராதனையில் முதல் சரணத்தைத் தனியாக யார் பாடலாம் என்று அவள் எதிரிலேயே என்னிடம் கேட்டார். பக்கத்தில் மனைவி நிற்கும்போது எந்தப் புருஷன் வேறு பேரைச் சொல்வான்? "இவளே பாடட்டுமே" என்றேன். ஒத்திகையெல்லாம் கீபோர்டின் தயவில் ஒப்பேறியது. நேற்றுதான் அந்த மனுஷன் என் தலையில் கல்லைப் போட்டார்.

"முதல் சரணத்துக்கு வாத்தியமே வேண்டாம். விளக்கெல்லாம் அணைச்சிடுவோம். அவங்க குரல் மட்டும் கேட்கட்டும்."

அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று படுத்துவிடலாமா, தலைவருக்கு ரகசியமாகப் போன் போடலாமா என்று ஏதேதோ யோசித்தேன். நானூறு பேர் முன்னால் அவள் தடுமாறி நிற்கப்போகிறாளே!

மாலை ஆறு மணிக்கு ஆராதனை. நாலு மணிக்கு அவள் வெள்ளை அங்கிக்கு இஸ்திரி போட்டபடி அந்தச் சரணத்தைப் பாடிப் பார்த்தாள். மூன்றாவது வரியில் வழக்கம்போல் நழுவியது.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"முதல்ல இந்தக் கழுத்துப் பட்டை சரியா இருக்கான்னு பாருங்க."

"அந்தச் சரணத்தை வேற யாராவது பாடட்டும். உனக்குச் சுருதி நிக்கலம்மா. நான்தான் கீபோர்டை வச்சு மூடிக்கிட்டு வந்தேன்."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எப்போலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"பன்னெண்டு வருஷமாவா?"

தலையாட்டினேன். கத்தியிருந்தால் தேவலை. அவள் ஸ்விட்சை அணைத்தாள், வயரைச் சுற்றி வைத்தாள், தலைவருக்குப் போன் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டது என்று அமைதியாகச் சொன்னாள். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. உண்மையைச் சொல்வது இவ்வளவு சுலபமா, இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போனப்போ ஆஸ்பத்திரியில நீங்க மட்டும்தான் பக்கத்துல இருந்தீங்க. நான் வந்து சேர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வலியே இல்லாம, தூங்குற மாதிரி போனாங்கன்னு சொன்னீங்களே."

அது உண்மை. என் கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத்தான் அத்தை கண்ணை மூடினார்.

"நிஜமாத்தான் சொன்னேன். சத்தியமா" என்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பிரமாதம்னு சொன்னப்பவும் இதே முகம்தான்" என்றாள்.