ஒரு டம்ளர் தண்ணீரின் எடை

மதகை இறக்கிய ஒன்பதாம் நாள், மேல்பக்கத்து நாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் பதினான்கு கிலோ இருந்தது. முதலில் யாரும் தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை, முதுகைத்தான் சந்தேகித்தார்கள். அணைக்கு அடுத்த தெரு டாக்டர் ஒரே வாரத்தில் அறுபது பேருக்கு இடுப்பு பெல்ட் எழுதிக் கொடுத்தார். தன் வீட்டு வாளியைத் தூக்கப் போய் அவரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டீக்கடைக்காரர் கிளாஸை நிறுத்திவிட்டு ஸ்பூனில் டீ கொடுத்தார். துவைத்துக் காயப்போட்ட போர்வை ஒன்று கொடி கட்டிய இரண்டு கம்பங்களையும் பிடுங்கிப் போட்டது.

மதகை இறக்கியவள் மதகுக்காரி. வயது ஐம்பது. இருபத்திரண்டு வருடம் அந்த இரும்புச் சக்கரத்தைச் சுற்றியதில் அவளுடைய வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இரண்டு வருடமாக மழை பொய்த்துவிட்டதால், ஆற்றில் முக்கால்வாசியை நிறுத்திவைக்கும்படி தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள், மதகை இறக்கினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கேதான் அவளுடைய தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள், பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. பாலத்தை மூடி நான்கு வருடம் ஆகியிருந்தது. போனை மட்டும் யாரும் மூடவில்லை.

“அக்கா, இங்க தண்ணி நிக்க மாட்டேங்குது” என்றாள் தங்கை.

“என்னடி சொல்ற? குடம் ஓட்டையா?”

“ஓட்டைன்னா கீழ போகணும். இது மேல போகுது. மூடி போட்டு, மூடி மேல கல்லு வச்சிருக்கோம்.”

கீழ்பக்கத்து நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்சநஞ்சத் தண்ணீருக்கு எடையே இல்லாமல் போயிருந்தது. டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் மெதுவாக எழும்பிக் கூரையில் ஒட்டிக்கொண்டது. செடிக்கு ஊற்றினால் வேரைத் தொடாமல் திரும்பி வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டத் தங்கை ஒரு கையால் துடைத்து, மறு கையால் தண்ணீரை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடிக்குள் அகப்படுவது ஒரு உள்ளங்கை அளவு. வார்டில் ஏழு பச்சைக் குழந்தைகளுக்குத் தொப்புளில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டிருந்தது.

“அழுதா கண்ணீர் கூட கீழ விழ மாட்டேங்குதுக்கா. நெத்தி மேல ஏறிப் போகுது” என்று சொல்லிவிட்டுத் தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் மதகுக்காரியால் தாங்க முடியவில்லை. அவள் கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு நீர்மட்டப் பதிவேட்டில் விழுந்தது. அது பதினெட்டுப் பக்கங்களைத் துளைத்துக்கொண்டு மேஜையில் போய் நின்றது.

மறுநாள் நடுப்பகலில், எல்லாரும் பார்க்க, அவள் சக்கரத்தில் கை வைத்தாள். பக்கத்தில் தராசும் ஒரு டம்ளரும் இருந்தன. ஒரு சுற்று சுற்றுவாள், தண்ணீரை எடுத்து நிறுப்பாள், மறுபடியும் சுற்றுவாள். வயலில் கருகிய பயிரோடு நின்றவர்கள் கரையில் கூடினார்கள். “நம்ம தண்ணியைத் தூக்கிக் குடுக்குறியே, உனக்கு நல்லாவா இருக்கு?” என்று ஒருவர் சத்தம் போட்டார். “நம்ம தண்ணின்னா நீங்க தூக்குங்கண்ணே, பாக்கலாம்” என்றாள். அவர் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அவரே சக்கரத்தின் மறுபக்கம் வந்து பிடித்தார். பதினோராவது சுற்றில் டம்ளர் தண்ணீர் இருநூறு கிராமுக்கு வந்தது. அதற்கு மேல் அவள் சுற்றவில்லை.

காதில் பென்சில் செருகியிருக்கும் பெரிய என்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். கோபத்தில் தொண்டை வறண்டு, வந்ததும் வராததுமாக அந்த டம்ளரை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்த பிறகுதான், அதை ஒற்றைக் கையால் தூக்கியதை உணர்ந்தார். மதகை இறக்கச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை, சும்மா போகவும் வழியில்லை. விளக்கம் கேட்டு அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தார். ‘டம்ளரைத் தூக்க முடியவில்லை’ என்று அவள் பதில் எழுதினாள். அந்த விசாரணை இன்னும் முடியவில்லை.

இரண்டு நாட்டு என்ஜினியர்களும் பூட்டிய பாலத்தைத் திறந்து, நடுவில் மேஜை போட்டுப் பன்னிரண்டு நாள் பேசினார்கள். பாதி என்பது எது என்பதிலேயே எட்டு நாள் போயிற்று. நிலத்தைக் கணக்கெடுப்பதா, தலையைக் கணக்கெடுப்பதா? கடைசியில் ஆற்று நீர்ப் பங்கீட்டுக்கான பழைய ஒப்பந்தத்தை மடக்கி வைத்துவிட்டு, இரண்டு பக்கத் தண்ணீரையும் தராசில் வைத்தார்கள். மேலே நாலு பங்கு, கீழே ஐந்து பங்கு என்று இருந்தபோது இரண்டும் சரியாக நின்றன. ஏன் பாதிப் பாதி இல்லை என்று யாருக்கும் தெரியவில்லை. விதைப்பு மாதத்தில் அது ஐந்துக்கு நாலாக மாறியது. வார்டில் குழந்தைகளின் காய்ச்சல் ஒவ்வொன்றாக இறங்கியது. ஒரு குழந்தை மட்டும் பிழைக்கவில்லை. அதன் அம்மாவைப் பார்க்க மதகுக்காரி பாலத்தைக் கடந்து போனாள். வெகுநேரம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் மழை சரியில்லை. இரண்டு பக்கமும் தாகம் இருந்தது. ஆனால் தண்ணீர் தண்ணீராக இருந்தது. இப்போது நீர்மட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. தினமும் காலை ஏழு மணிக்கு அக்கா மேலே ஒரு லிட்டரை நிறுக்கிறாள், தங்கை கீழே ஒரு லிட்டரை நிறுக்கிறாள். போன வாரம் தங்கை, “இன்னைக்கு ரெண்டு கிராம் குறையுதுக்கா” என்றாள். மதகுக்காரி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே போய்ச் சக்கரத்தைக் கால் சுற்று சுற்றினாள்.

“இப்ப?”

“ம், சரியா இருக்கு.”

“சரி வை. சாப்பிட்டியா?”

“இல்லக்கா, இனிமேதான்.”