கேப்டனுக்குப் போட்ட ஊசி

எகிப்தின் போர்ட் சையது துறைமுகத்தில் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வுபெற்ற ரிஃபாத்தை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் தொண்டை இருக்கும்போது கப்பலுக்குச் சங்கு எதற்கு என்று கேலி செய்வார்கள். அவருக்குப் புராஸ்டேட்டில் புற்று வந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டால் கட்டுக்குள் இருக்கும் என்ற டாக்டர், பக்கவிளைவுகளையும் விளக்கினார். கேப்டன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரிக் குளிரில் காப்பிக்கடையில் டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர், திடீரென்று ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு சட்டையையும். கழுத்தெல்லாம் வியர்வை.

"தோக்கப் போறது தெரிஞ்சிருச்சா கேப்டன்?" என்று சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பால்கனிக் கதவைத் திறந்து போட்டார். மனைவி இஸ்மத் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கு மாதவிலக்கு நின்னு இப்படி வந்தப்ப, 'எல்லாம் உன் மனப்பிரமை'ன்னீங்களே. இப்ப இது யாரோட பிரமை?"

தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியில் யாரோ புறாவுக்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, கேப்டன் பொலபொலவென்று அழுதார்.

அந்த வாரம் மேல்மாடி இன்ஷிராஹ் டீச்சரின் குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போனது. மருந்தை இஸ்மத்திடம் கொடுத்து வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போன கேப்டன், உள்ளே தன் ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றைக் கண்டார்.

"இது யாருது?"

"இன்ஷிராஹோடது. கர்ப்பப்பைல கட்டி. ஆபரேஷனுக்கு முன்னாடி அதைச் சுருக்கணுமாம்."

கேப்டன் டப்பாவோடு படியிறங்கினார். கீழே மருந்துக்கடையில் கூட்டம்.

"மஹ்ரூஸ்! பொம்பளைங்க ஊசியைப் போட்டு என்னை என்னடா பண்ணி வச்சிருக்கீங்க?"

மருந்தாளர் மஹ்ரூஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கத்தாதீங்க கேப்டன். இது ஆலையை இழுத்து மூடுற ஊசி. அவங்க உடம்புல பெண் ஹார்மோன் ஆலை மூடும், உங்க உடம்புல ஆண் ஹார்மோன் ஆலை. அதான் ரெண்டு பேருக்கும் சூடு, வியர்வை, அழுகை, மூட்டு வலி."

"அப்புறம்... மத்த விஷயம்?" குரல் முதன்முறையாகத் தணிந்தது.

"அதுலயும் ஆசை குறையும்."

கடையில் எல்லோரும் அவரவர் மருந்துச் சீட்டைப் படிக்கத் தொடங்கினார்கள். வரிசையிலிருந்த ஒரு பருத்த பெண்மணி மட்டும் அக்கறையாகக் கேட்டாள்: "உங்களுக்குச் சூடு மார்லேர்ந்து ஏறுதா, முதுகுலேர்ந்தா?"

கேப்டன் கொஞ்சம் யோசித்தார். "மார்லேர்ந்து."

"எனக்கும் அப்படித்தான். பருத்திச் சட்டை போடுங்க. மிளகாயைத் தொடாதீங்க." இன்னொருத்தி, எலும்பு தேயுமாம், அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள் என்றாள். கேப்டன் வீடு திரும்ப வெகுநேரமானது.

அதற்குப் பிறகு மாலைகளில் அவரும் இன்ஷிராஹும் பால்கனியில் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இஸ்மத், கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரிய.

"நீ எப்படித்தான் தாங்கினே?" என்று ஒருநாள் மனைவியைக் கேட்டார்.

"ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சு அது முன்னால நிப்பேன். நீங்க கரண்ட் பில்லுக்காகக் கத்துவீங்க."

கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசியாலா என்று அவள் கேட்கவில்லை.

வசந்தத்தில் கேப்டனின் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. இன்ஷிராஹுக்கு ஆபரேஷன் முடிந்து ஊசி நின்றது. இனிப்போடு வந்து, சூடெல்லாம் அடங்கிவிட்டது என்றாள்.

கேப்டன் முகம் சுண்டிப்போனது. "நட்டாத்துல விட்டுட்டுப் போறியே டீச்சர்!"