வேரின் காரம்

கடப்பாரை மறுபடியும் வேரில் பட்டு எகிறியது. இடுப்பளவு குழிக்குள் நின்ற முரீதி அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வாழைப் பக்கம் போயிடலாம். அங்க மண்ணு வெண்ணெயாட்டம் இருக்கும். மதியத்துக்குள்ள அண்ணனைக் கொண்டாந்துடுவாங்க."

"இங்கயே தோண்டு," என்றாள் வைதேரா. டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"விடுடா," என்றார் பக்கத்து வீட்டுக் கிமோதோ. "உசுரோட இருந்தப்பவே உங்கண்ணன் இந்த மரத்தை விட்டு நகரல. ஆளுக்கு முன்னாடி வாசனை வந்துடும். எங்க நாய்கூட குரைக்காது."

குழியோரத்து முதிகா மரத்தில், வைதேராவின் புருஷன் கிசேருவின் நெஞ்சுயரத்துக்குப் பட்டை சீவிய தழும்புகள். இருமலுக்கென்று தொடங்கி இருபத்திரண்டு வருடம் அந்தப் பட்டையை மென்றான். மிளகைப்போல் உறைக்கும். கல்யாணமான புதிதில் அந்த வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவள் அவள்.

ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று வாரம் வாயில் குழாய்தான். நேற்று பிணவறையில், சட்டைக்குப் பொத்தான் போடும் சாக்கில் குனிந்து முகர்ந்தாள். மருந்து நெடி. வீட்டுக்கு வந்து தலையணையைத் தேடினாள். வருகிறவர்களுக்காக நாத்தனார் உறையெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

முரீதி கோடரியை வாங்கி ஓங்கிப் போட்டான். வேர் துண்டானது.

வாசனை குழியிலிருந்து எழுந்து வந்தது.

"அக்கா, டீ வழியுது," என்றார் கிமோதோ.

அவள் குழி விளிம்பில் உட்கார்ந்தாள். "அந்தத் துண்டைக் குடு."

"எதுக்கு அண்ணி, அடுப்புக்கா? பச்சை வேரு, எரியாது."

"குடு."

மேல்துணியில் மண்ணைத் துடைத்துவிட்டு, வேர்ப்பட்டையை நகத்தால் உரித்தாள்.

மதியம் வண்டி வந்தது. பாட்டு முடிந்தது. கொல்லையில் சோளமும் அவரையும் அண்டாவில் வெந்துகொண்டிருந்தன. பெட்டி இறங்கியதும் போதகர் ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். வைதேரா சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை பேசும்மா," என்றார் போதகர்.

அவள் தலையசைத்து மறுத்தாள்.

"பாவம், வாயடைச்சுப் போச்சு," என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். முரீதி மண்ணைத் தள்ளத் தொடங்கினான். வைதேரா உதடுகளை இறுக மூடியபடி நின்றாள். கன்னத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு மெதுவாக இடம் மாறியது.