ரோஜாப் பொட்டு வைத்த கூடுகள்

“கோட்டுக்கு இந்தப் பக்கம் உன்னோடது, அந்தப் பக்கம் என்னோடது. போதுமா?” என்றார் டெல்மர், சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு.

“கோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கே இருக்குன்னுதான் தெரியலை,” என்றாள் வெர்னா.

அவள் சொன்னதில் தப்பில்லை. கராஜ் வாசலில் கம்பீரமாகக் கிளம்பிய கோடு நாலு சாண் போவதற்குள் ஒரு நீல வாளிக்கு அடியில் புகுந்து காணாமல் போயிருந்தது. அந்த வாளிக்குப் பின்னால் இன்னொரு வாளி, அதற்குப் பின்னால் அடுக்கடுக்காகக் காபி டப்பாக்கள். எல்லாவற்றிலும் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடுகள்.

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் துப்பாக்கி கிளப் போகிறவர்கள் யாரும் கூட்டைத் தரையில் விட்டுவிட்டு வருவதில்லை. பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தி, புது மருந்து போட்டு, புது ஈயக் குண்டைச் செருகி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சுடுவார்கள். வாய் பிளந்தது, நசுங்கியது எல்லாம் கழிசல். கழிசலை அடுத்த வாரம் பெர்னிஸின் காயலான் கடையில் போடுவதாகச் சொல்லுவார்கள். டெல்மர், கவுண்டி நிர்வாகத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டிய நாளிலிருந்து அந்த ‘அடுத்த வாரம்’ வந்துகொண்டே இருந்தது.

இப்போது சனிக்கிழமை கல்யாணம். மணப்பெண்ணுக்கு அறுபத்தெட்டு வயது, மாப்பிள்ளைக்கு எழுபத்தொன்று. வெர்னா தன் வீட்டை விற்றுவிட்டு இங்கே வரப்போகிறாள். துணிமணி, சமையல் சாமான் எதைப்பற்றியும் இருவருக்கும் சண்டை இல்லை. சண்டையெல்லாம் கராஜைப்பற்றித்தான். ஏனென்றால் வெர்னாவும் தோட்டா கட்டுகிறவள். அவளுக்கும் ஒரு பிரஸ் உண்டு, மேசை உண்டு.

“இங்கே பாரு டெல்மர். வெள்ளிக்கிழமைக்குள்ள என் பாதி காலியா இருக்கணும். நல்லது எதை வேணும்னாலும் உன் பாதியில வெச்சுக்க. விரிசல் விட்டது ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கக் கூடாது. வாளி மேல ஏறித்தான் என் பிரஸ்ஸை எட்டணும்னா, சனிக்கிழமை நீ பாதிரியாரைத்தான் கட்டிக்கணும்.”

“பாதிரியார் வேண்டாம்மா. அவர்கிட்ட மீன்பிடி படகு இருக்கு. அதை எங்கே நிறுத்துறது?”

“நான் விளையாடலை.”

“நானும்தான் விளையாடலை. பெரிய படகு அது.” டெல்மர் சாக்பீஸை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். “சரி, உன் கழிசல்?”

“நான் என்ன உன்னை மாதிரியா? மொத்தமே மூணு வாளி. நாளைக்கே பெர்னிஸ் கடையில கொட்டிட்டு வந்துடுவேன்.”

“கொட்டிட்டு வர்றதுன்னா என்னன்னு தெரியுமில்ல? போகும்போது இருக்கிற கூடு வரும்போது இருக்கக் கூடாது.”

“அதை உன் கண்ணாடி முன்னால நின்னு சொல்லு.”

மறுநாள் வெர்னா காயலான் கடைக்குப் போனாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தபோது சேர்த்த ஊறுகாய் வாளிகள் மூன்றும் காரின் பின்னால் இருந்தன. எத்தனை முறை கழுவினாலும் வெள்ளரிக்காய் ஊறுகாய் வாசனை போகாத வாளிகள். பெர்னிஸ் ஆரஞ்சுச் சட்டையோடு, கயிற்றில் கட்டிய காந்தத்தை யானைத் தும்பிக்கை மாதிரி ஆட்டிக்கொண்டு எதிரே வந்தாள்.

“வாடி கல்யாணப் பொண்ணு! சுடாம உயிரோட இருக்கிற தோட்டா ஏதாவது கிடக்கா? ஒண்ணு கிடந்தாலும் வாளியோட உன்னையும் சேர்த்து வேலிக்கு வெளியே போட்டுடுவேன்.”

“முப்பது வருஷமா வர்றேன், ஒரு நாள் கிடந்திருக்கா?”

“முப்பது வருஷமா கேட்கிறேன், அதனாலதான் கிடக்கலை.”

பெர்னிஸ் தகரத் தட்டில் வாளியைக் கவிழ்த்தாள். காந்தத்தை மேலே ஓட்டினாள். பித்தளை அசையவில்லை, நடுவில் ஒளிந்திருந்த இரும்புக் கூடுகள் மட்டும் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டன. அவள் அவற்றை உதறுவதற்குள் வெர்னாவின் கை தட்டுக்குள் நுழைந்தது.

“இரு, இரு. இது நல்லாத்தானே இருக்கு.”

“இல்லை.”

“கொஞ்சம் தட்டினா சரியாயிடும்.”

“அடியே, நீ விக்க வந்தியா, வாங்க வந்தியா?”

“பார்க்கக்கூடாதா?”

பார்த்தது அதோடு நிற்கவில்லை. பக்கத்தில் மரப்பெட்டியில் அன்று காலை வந்த சரக்கு குவிந்திருந்தது. வெர்னா எட்டிப் பார்த்தாள். ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கினாள். சலங் சலங் என்று சுத்தமாகப் பேசியது. விரிசல் விட்ட கூடு அப்படிப் பேசாது, சளி பிடித்தவன் மாதிரி கரகரக்கும். கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் குலுக்கலைச் சொல்லிக்கொடுப்பதே வெர்னாதான்.

“எந்தப் படுபாவி இதைத் தூக்கிப் போட்டது? ஒரு தடவைதான் சுட்டிருப்பான் போல! இதை உருக்கவா போறே? மனசாட்சி இருக்கா உனக்கு?”

“வேணும்னா அள்ளிக்க. உன் கழிசலுக்குப் பதில் கழிசல்.”

பெர்னிஸின் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடி ஒளிந்ததை வெர்னா கவனிக்கவில்லை. அவள் அள்ளிக்கொண்டிருந்தாள். காலியான மூன்று வாளியும் மறுபடி நிறைந்தன. பெர்னிஸ் கொடுத்த பழைய வாளி ஒன்றும் நிறைந்தது. நிமிரும்போதுதான் பெட்டிக்குப் பின்னால் அந்த நீல வாளி கண்ணில் பட்டது.

“அது டெல்மரோடது இல்ல?”

“அதேதான். காலையில மூணு நடை வந்தான். பித்தளை பாதி, கண்ணீர் பாதி.”

வெர்னாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷன்! எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? ஆசையோடு வாளிக்குள் பார்த்தாள். உள்ளே வெள்ளியாக ஏதோ மின்னியது. ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடியில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் பொட்டு.

புல்லில் விழுந்து கிடக்கும்போது எது யாருடைய கூடு என்று தெரியவேண்டுமே, அதற்காகக் கிளப்பில் ஆளுக்கொரு அடையாளம் உண்டு. டெல்மருக்குப் பச்சைக் கோடு. வெர்னாவுக்கு நகப்பாலிஷில் ரோஜாப் பொட்டு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டெல்மரின் பிறந்தநாளுக்கு ஒரு ஊறுகாய் ஜாடி நிறைய நிக்கல் பூசிய கூடுகளைப் பரிசாகக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் தன் கையால் பொட்டு வைத்திருந்தாள். தன் பொட்டு வைத்த கூட்டை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு அர்த்தமே வேறு. டெல்மர் அன்று காது வரை சிவந்து, “இதைச் சுடவே மனசு வராது வெர்னா” என்றார்.

“சுட மனசு வராதாம்,” என்றாள் வெர்னா இப்போது. “குப்பையில கொட்ட மட்டும் மனசு வந்துச்சு போல!”

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாப் பாரேன்டி.”

“என் பொட்டு எனக்குத் தெரியாதா? கண்ணாடி எதுக்கு?”

“தலையிலதான் இருக்கு. சும்மா ஒரு இழு இழுத்தா மூக்குல உக்காரும்.”

“எனக்கு இப்ப மூக்குல கண்ணாடி வேண்டாம், அவன் மூக்குதான் வேணும்.” நீல வாளியையும் இழுத்துக் காரில் ஏற்றினாள்.

“ஏய், எடை போடலையே! அது என் சரக்கு!”

“கல்யாணம் நடந்தா உன் கணக்கை நான் தீர்க்கிறேன். நடக்கலைன்னா அவன்கிட்ட வாங்கிக்க!”

காரின் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு மேட்டிலும் ஐந்து வாளியும் சேர்ந்து கும்மி அடித்தன. வழியெல்லாம் வெர்னா இரண்டு குரலிலும் பேசிக்கொண்டே போனாள். “ஏன்யா கொட்டினே?” “தெரியாம கொட்டிட்டேன் வெர்னா.” “தெரியாமலா? பொட்டு கண்ணுக்குத் தெரியலையா?” “மன்னிச்சிடு வெர்னா.” “முடியாது!” ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் டெல்மர் முழங்காலிட்டு அழுது தோற்றுப்போயிருந்தார். பாவம், அவருக்குத்தான் அது தெரியாது.

அவள் வந்து இறங்கியபோது அவர் கல்யாணக் கோட்டும் கீழே சேறு படிந்த பூட்ஸுமாக நின்று கராஜைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கோடு முழுசாகத் தெரிந்தது. வாசலிலிருந்து பின்சுவர் வரை நேராக, வெள்ளையாக ஓடியது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டப்பாகூட இல்லை. ஜன்னல் பக்கமாக, நல்ல வெளிச்சத்தில், அவள் மேசைக்கு இடம் அளந்து வைத்திருந்தார். வெர்னாவின் கோபம் ஒரு நிமிஷம் தடுமாறியது. அவள் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

“கோட்டு எப்படி இருக்கு?” என்றார் டெல்மர், கையை விரித்து.

“எந்தக் கோட்டு?”

“ரெண்டும்தான்.”

“கழட்டி வை. தேவைப்படாது.” காரிலிருந்து நீல வாளியை இழுத்தாள். பாதி தூரம் வருவதற்குள் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. வாளி கவிழ்ந்தது. வெள்ளிக் கூடுகள் சரிவான வாசல் பாதையில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டு ஓடின. எதிர் வீட்டு நாய் எழுந்து வந்து எதைத் துரத்துவது என்று தெரியாமல் தன்னையே சுற்றியது.

“நான் கொடுத்ததை! என் கையால பொட்டு வெச்சுக் கொடுத்ததை! காயலான் கடையில போட்டிருக்கியே, நீ மனுஷனா?”

“வெர்னா...”

“தெரியாம போட்டேன்னு சொல்லாதே. நீ அப்படித்தான் சொல்லுவேன்னு வழியிலேயே சொல்லிட்டே.”

“தெரிஞ்சேதான் போட்டேன்.”

இது வழியில் வராத பதில்.

டெல்மர் குனிந்து ஒரு பிடி கூடுகளைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். “குலுக்கு.”

“எதுக்கு?”

“ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறியே, நீயே குலுக்கிப் பாரு.”

அவள் குலுக்கினாள். கரகர. வேறு ஒரு பிடி எடுத்துக் குலுக்கினாள். அதுவும் கரகர. தலையிலிருந்த கண்ணாடியை இழுத்து மூக்கில் வைத்தாள். ஒவ்வொரு கூட்டின் வாயிலும் தலைமுடி மாதிரி மெல்லிய பிளவு.

“எல்லாமேவா?”

“எல்லாமே. நிக்கல் பூசினது சீக்கிரம் வாய் பிளக்கும். அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததுதான்.”

“சீக்கிரம்னாலும் இவ்வளவு சீக்கிரமா? எத்தனை தடவை சுட்டே?”

“எனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதைத்தான் சுட்டேன். வேற கூட்டை எடுக்கக் கையே போகலை.”

“சுடவே மனசு வராதுன்னியே?”

“முதல் தடவை வரலைதான். சுட்டேன், அது புல்லுல விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தேன், உன் பொட்டு என்னைப் பார்த்துச்சு. அப்புறம் என்ன பண்றது? குனியறதுக்காகவே சுட ஆரம்பிச்சிட்டேன்.”

“அதான் ஒரு வருஷமா ஒரு குறியும் படலையா!”

“குறி எவனுக்கு வேணும்?”

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மூக்கு வழியாக விட்டாள். “அப்போ ஏன்யா வீசினே?”

“விரிசல் விட்டது ஒண்ணுகூட வீட்டுல இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? இதை வெச்சுக்கிட்டா நீ வரமாட்டே. நீ வந்தா போதும்னு இதைக் கொண்டுபோய்ப் போட்டேன். பெர்னிஸ்கிட்ட சொல்லித்தான் போட்டேன். அவ கர்ச்சீப்பு கொடுத்தா.”

“அந்தக் கழுதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

“கண்ணாடி போட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பாளே?”

வெர்னா கண்ணாடியை மறுபடி தலைக்கு ஏற்றினாள். மண்டியிட்டு வெள்ளிக் கூடுகளைப் பொறுக்கிப் பாவாடை மடியில் போட ஆரம்பித்தாள். டெல்மரும் கல்யாணக் கோட்டோடு பக்கத்தில் மண்டியிட்டார்.

“எதுக்குப் பொறுக்குறே? கழிசல்தானே?”

“கழிசலா? இதையா கழிசல்ங்கிறே?”

“வாய் பிளந்திருக்கு வெர்னா.”

“எனக்கும்தான் வாய் பிளந்திருக்கு. என்னை வெச்சுக்கலையா?”

டெல்மர் சிரித்த சிரிப்பில் நாய் ஓடிப்போயிற்று. மிச்சம் கிடந்ததை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“வெர்னா.”

“ம்?”

“மூணு வாளியோட போனவ, அஞ்சு வாளியோட வந்திருக்கே.”

“அது... வந்து... யாரோ ஒரு முட்டாள் நல்ல கூட்டையெல்லாம் தூக்கிப் போட்டிருந்தான். பார்த்துட்டு எப்படி வர்றது?”

டெல்மர் ஊறுகாய் வாளிக்குள் கையை விட்டார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அடியில் பச்சைக் கோடு.

“அந்த முட்டாள் நான்தான்,” என்றார். “உன் பாதியைக் காலி பண்ணணுமேன்னு என் பாதியில இடமில்லாததையும் சேர்த்துக் கொட்டினேன். அய்யோ, என் ராசாத்திங்களா! உங்களை உருக்கியிருப்பாளேடி!” என்று வாளியைக் கட்டிக்கொண்டார்.

“ஒரு பிடி குலுக்கினேன்,” என்றாள் வெர்னா மெதுவாக. “எவ்வளவு அழகாப் பேசிச்சு தெரியுமா?”

மீதி நாலு வாளியையும் டெல்மர் இறக்கினார். அவர் பாதியில் வைக்கப் போனால் அங்கே ஏற்கெனவே மூச்சுவிட இடமில்லை. அவள் பாதியில் வைப்பதா? அதற்கு அவள் வாயாலேயே விதி போட்டாயிற்று. இருவரும் குனிந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார்கள்.

“கோட்டு மேல வெச்சா யார் பக்கமும் இல்லையே,” என்றாள் வெர்னா.

“சட்டப்படி சரிதான்,” என்றார் டெல்மர் மிகவும் யோசித்து.

கடைசி வாளியைக் கோட்டின் மேல் வைத்தபோது வாசலில் பெர்னிஸின் பிக்கப் வண்டி வந்து நின்றது. பின்னால் தராசு. கையில் காந்தம்.

“எடை போடாம ஓடிவந்தவ எங்கே? யார்கிட்ட கணக்குத் தீர்க்கணும்? இவகிட்டயா, இவன்கிட்டயா?”

“எங்கிட்டதான்,” என்றாள் வெர்னா, மடியில் அள்ளியிருந்த வெள்ளிக் கூடுகளை ஜன்னலோரம் தன் மேசைக்கு அளந்த இடத்தில் கொட்டியபடி. “சனிக்கிழமை விருந்துல ஹக்கிள்பெரிப் பழம் வெச்சுச் சுட்ட பை, முழுசா ஒண்ணு உனக்கு மட்டும்.”

பெர்னிஸ் உள்ளே வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

“நடுவுல ஒரு கோடு போட்டிருக்கிறதா பீத்திக்கிட்டானே, எங்கே அது?”

“இருக்கு, இருக்கு,” என்றார்கள் இருவரும். “வாளிக்கு அடியில.”