லிட்டருக்கு இருபத்தொன்று

மார்ச் 16, சனி.

டைரியில் போன சனிக்கிழமைப் பக்கத்தில், பழைய காரின் மைலேஜ் லிட்டருக்கு இருபத்தொன்று என்று எழுதியது தவறு. கூட்டல் சரி, வகுத்தல் சரி. பெட்ரோல்தான் பொய்.

1.

இந்தக் கதை அந்தத் தவறிலிருந்து பிறந்தது. வேறு பூர்வீகம் எதுவும் இதற்கு இல்லை.

கதை எழுதக் கற்றுத்தரும் மாலை வகுப்பின் ஆசிரியை ஒரு நாள் சொன்னார்: "டைரி எழுதிப் பழகினவங்க கதை எழுத வந்தா ஒரே நான், நான், நான். உங்களையே 'அவள்'னு எழுதிப் பாருங்க. கொஞ்சம் தள்ளி நின்னாத்தான் முகம் தெரியும்." ஆகவே இனி இதில் வருகிறவள் அவள். அவளுக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எதையும் மூன்று முறை அளக்காமல் நம்ப மாட்டாள். அளந்த பிறகு, அளவுகோல் சரியா என்று யோசிப்பாள்.

தொடக்கத்துக்கு அவள் பட்ட பாட்டையும் நீங்கள் பார்த்துவிடுங்கள்.

[அந்தக் கார் வெறும் கார் அல்ல, அது ஒரு] – வேண்டாம். கார் கார்தான்.

[பதினெட்டு வருடமாக வாசலில் நின்றிருந்த அந்த] – நின்றுகொண்டே இருந்தால் மைலேஜ் எங்கிருந்து வரும்?

[அப்பாவுக்குப் பேசத் தெரியாது. ஆனால்] – இதை அடிக்க மனம் வரவில்லை. ஓரமாக இருக்கட்டும்.

2.

பரிசோதனைக் கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும், இரண்டாவது பஸ் தனக்குத் தோன்றினால் வரும். வழியில்தான் அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. அறுவைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்து, நீலத் துணித்தாளில் மடித்துக் கட்டும் அறை அம்மாவுடையது. முன்பெல்லாம் அப்பாதான் கார் ஓட்டினார். போன வருடம் கண் டாக்டர் "இனிமே ஸ்டியரிங் தொடாதீங்க" என்றார். லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். அம்மாவை இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள்.

தினசரி ஓட்டத்துக்கு, கைக்கடக்கமாக, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் ஒரு கார் வாங்குவது என்று சாப்பாட்டு மேசையில் முடிவாயிற்று. எதிர்ப்பே இல்லை.

"எப்ப விக்கப் போற அந்தத் தகர டப்பாவை?" என்றாள் அம்மா. "ஏறி இறங்கறதுக்குள்ள என் இடுப்பு கழண்டு கையில வந்துடுது."

"வித்துடலாம்," என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி. "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?"

"பாத்தியா, உங்கப்பாவே சொல்லிட்டாரு. ஒரு நாள்ல ரெண்டு வாக்கியம் பேசியிருக்காரு. குறிச்சு வெச்சுக்கோ."

குறித்து வைத்தாள். இதோ அது.

3.

போட்டியில் இரண்டு கார்கள். ஒன்று ஷோரூமில் நிற்கும் சாம்பல் நிறச் சின்ன கார், லிட்டருக்கு இருபது. மற்றது இரண்டு வருடம் ஓடிய ஹைபிரிட். நெரிசலில் பாட்டரியில் ஊர்ந்துகொள்ளும், பாலத்தில் ஏறும் வழியெல்லாம் நின்று நின்று போகிறவளுக்கு அது லாபம். ஆனால் பாட்டரி எவ்வளவு காலம் வரும் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள்.

புதியது எவ்வளவு மிச்சம் பிடிக்கும் என்று தெரிய, பழையது எவ்வளவு குடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். வழி எளிது. சனிக்கிழமை டேங்கை விளிம்பு வரை நிரப்புவது. ஒரு வாரம் ஓட்டுவது. அடுத்த சனிக்கிழமை அதே பங்க்கில் மறுபடி விளிம்பு வரை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பது. ஓடிய தூரத்தை அதால் வகுத்தால் விடை.

"அது எப்பவும் பன்னண்டுதான் குடுக்கும்," என்று அப்பா பல வருடமாகச் சொல்லிவந்தார்.

முதல் வாரம் பதினைந்து வந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள். "பதினஞ்சா?" என்றார் அப்பா. முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். "அப்படியே இருந்தாலும் புதுசு இருபது," என்றாள் அம்மா, அவசரமாகத் தண்ணீர் குடித்து.

(அடிக்குறிப்பு: அந்த அவசரத்தை அவள் அன்று எழுதவில்லை. இப்போது ஞாபகத்திலிருந்து சேர்க்கிறாள். இது ஒருவகை ஏமாற்று. மன்னிக்கவும்.)

இரண்டாம் வாரம் இருபத்தொன்று.

ஷோரூம்காரரிடம் சொன்னபோது அவர் பேனாவை மூடினார். "மேடம், எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க? உங்க வண்டியை எங்களுக்கு விலைக்குக் குடுங்க, நாங்க கண்ணாடிக்குள்ள நிறுத்தி வெச்சுக்கறோம்." திங்கட்கிழமை பதினெட்டாம் தேதி காலைக்குள் பதில் சொல்லாவிட்டால் அந்தச் சாம்பல் கார் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

4.

பதினோராம் தேதி, திங்கள் காலை. அப்பா துணியால் கார் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாதவர் தினமும் கண்ணாடி துடைப்பதில் ஏதோ இடிக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் உறைத்தது.

"அப்பா, கையில என்ன வாசனை?"

"சோப்பு."

"பெட்ரோல் சோப்பா?"

அவர் துணியை நான்காக மடித்தார். பிறகு எட்டாக. பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கேனும், தண்ணீர் பாட்டிலை வெட்டிச் செய்த புனலும் இருந்தன. இன்றைக்கு ஊற்றவேண்டியது இன்னும் கேனிலேயே இருந்தது.

"தினம் ஒரு லிட்டர்தான். பங்க் வரைக்கும் நடந்தா உடம்புக்கும் நல்லதுதானே."

"எதுக்குப்பா?"

"ஷோரூம்ல அந்தப் புதுக் கார் கதவைச் சாத்திப் பாத்தேன். பஞ்சு மாதிரி சாத்துது. யார் வந்தா, யார் போனா, ஒண்ணும் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "இதுல உங்கம்மா பக்கத்துக் கதவு ஒரு தடவையில சாத்தாது. டப்... டப். அந்த ரெண்டாவது டப் கேட்டா, அவ வந்துட்டான்னு எந்திரிச்சு அடுப்புல தண்ணி வைப்பேன். இப்ப எனக்கு முகம் தெரியுறதுக்கு முன்னாடி அதுதான் தெரியுது."

அவள் குனிந்து கேனின் மூடியை இறுக்கினாள்.

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத. பாவம், அவ புதுசுக்கு ஆசைப்படுறா. நான் இனிமே ஊத்தல."

வேலை நாளுக்கு ஒன்றாக வாரத்துக்கு ஐந்து லிட்டர். அது பதினைந்துக்குக் கணக்குச் சொல்லும், இருபத்தொன்றுக்குச் சொல்லாது. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் அங்கேயே வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது டப் காதிலேயே நின்றபோது யாருக்கு வகுத்தல் வரும்?

5.

அதையே கதையாக எழுதி வியாழன் வகுப்பில் படித்தாள். அப்பா, கேன், இரண்டாவது டப். வகுப்பில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். ஆசிரியை மட்டும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்பா நல்லா வந்திருக்காரு. அம்மா சரியில்ல. குறை சொல்றதுக்குன்னே வந்துட்டுப் போறாங்க. அவங்க எப்பவும் அதே காரைப் பத்தியே திட்டுறாங்களே, ஏன்னு யோசிச்சீங்களா?"

"எங்கம்மா நிஜத்துலயும் அப்படித்தாங்க."

"நிஜத்துல இருக்கலாம். கதையில நம்ப முடியல."

அவளுக்குக் கோபம். பெற்ற தாயை நம்ப முடியவில்லை என்றால் எப்படி? வெளியே வந்தபோது, வேலை முடிந்து வழக்கம்போல் காரில் காத்திருந்த அந்த நம்ப முடியாத பாத்திரம், "உங்க டீச்சர் கடிகாரமே பாக்க மாட்டாங்களாடி? இந்த சீட்டுல உக்காந்து உக்காந்து நான் சப்பையாப் போயிட்டேன்," என்றது.

இன்று சனிக்கிழமை. அப்பா ஒரு சொட்டும் ஊற்றாத வாரம். பன்னிரண்டு வரவேண்டும்.

பதினாறு வந்தது.

கதை முடிந்துவிட்டது, கணக்கு முடியவில்லை.

6.

[அப்பாவுக்குப் பேசத் தெரியாது. ஆனால்] – ஓரமாக வைத்த வாக்கியத்தை இங்கே போடலாம்.

அவள் சின்னவளாக இருந்தபோது அம்மாவுக்கு மாலை ஷிஃப்ட். அப்பா போய் அழைத்துவருவார். அவள் மாடி ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக் காத்திருப்பாள். கார் வாசலில் வந்து நிற்கும். விளக்கு அணையும். யாரும் இறங்க மாட்டார்கள். உள்ளே இரண்டு தலைகள். அப்பாவின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு எழும்பும், விரியும், எதையோ அளந்து காட்டும். வீட்டுக்குள் "ம்", "சரி", "போதும்" என்ற மூன்று சொல்லோடு குடும்பம் நடத்திய மனிதரின் கைகள். அம்மா தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரிப்பாள். தனக்குத் தெரியாமல் இருவரும் மிட்டாய் தின்கிறார்கள் என்றுதான் அவள் வெகுகாலம் நம்பினாள். பிறகு டப். பிறகு இன்னொரு டப். உள்ளே வரும்போது அப்பா பழையபடி "ம்" ஆகியிருப்பார். அம்மாவின் புடவையில் நீராவி வாசனை இருக்கும். வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் வாசனையும் சேர்ந்திருக்கும்.

இன்று மத்தியானம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினாள். அடியில் இரண்டாவது கேன். பக்கத்தில் இன்னொரு புனல், ஆஸ்பத்திரி நீலத் துணித்தாளை விசிறி மடிப்பாகச் சுருட்டிச் செய்தது. மூலைகள் கத்தி வைத்தாற்போல் கூர்மை. சூடு பட்டால் கறுக்கும் கோடுகள் போட்ட நாடாவால் ஒட்டியிருந்தது. அந்த மடிப்பு இந்த வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் வரும்.

புனலைச் சமையலறை மேடையில் வைத்தாள்.

"என்னது இது?" என்றாள் அம்மா.

"நீதான் சொல்லணும்."

"நானா? எனக்கு அந்த டப்பாவைக் கண்டாலே–" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். புனலின் ஒரு மடிப்பு கலைந்திருந்தது. அதைச் சரிசெய்தாள். "பதினஞ்சுன்ன. புதுசு இருபதுன்ன. தோத்துடுமேன்னு இருந்துச்சு. நீ கிளாஸ்ல இருக்கிற நேரம் எனக்கு வேற என்ன வேலை? கூடிப் போச்சோ?"

"ரொம்ப. நீதானம்மா தினம் விக்கச் சொல்ற?"

"வேண்டாம்னு சொன்னா, ஏன்னு கேப்பீங்க. அதுக்கு நான் என்ன சொல்றது?" மேடையைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த இடத்தையே. "உங்கப்பா வீட்டுல பேச மாட்டாரு. வண்டியிலதான் பேசுவாரு. இப்ப ஓட்டறதும் இல்ல, பேசறதும் இல்ல. ஆனா வண்டி வாசல்ல நின்னா, என்னிக்காவது பேசுவாருன்னு ஒரு இது." பிறகு, "அவருகிட்ட சொல்லிடாத. புதுக் கார் வந்தா அவரு பழசையெல்லாம் மறந்து நிம்மதியா இருப்பாருன்னு நான் நினைக்கிறேன்னு அவரு நினைச்சிட்டிருக்காரு," என்றாள்.

(இந்த வாக்கியம் சிக்கலாக இருக்கிறது என்று ஆசிரியை வட்டம் போடுவார். அம்மா அப்படியேதான் சொன்னாள்.)

7.

முடிவுகள்.

அ. சாம்பல் கார் வருகிறது. நல்ல கார். பெட்ரோல் மிச்சமாகிறது. கதவு பஞ்சு மாதிரி சாத்துகிறது. அப்பா அடுப்பருகே காத்திருக்கிறார். [அம்மா உள்ளே வந்து அவர் தோளைத் தொட்டதும்தான் அவர்] – எழுத முடியவில்லை.

ஆ. பழைய காரையே வைத்துக்கொள்கிறார்கள். பாலத்தில் அது குடித்துக்கொண்டே இருக்கிறது. பாசத்துக்கு மைலேஜ் கிடையாது என்று ஒரு வரி எழுதினாள். படித்துப் பார்த்தாள். அடித்தாள். மழை நாளில் பாலத்தின் நடுவில் அது நின்றுபோனால் தள்ளப்போவது அந்த வரி இல்லை.

இ. அவள் இருவரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். ஆனால் இருவருமே சொல்லாதே என்று கேட்டிருக்கிறார்கள். வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்காமல் சொல்ல வழி உண்டா?

8.

மார்ச் 17, ஞாயிறு.

"புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதுல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்," என்று இருவரையும் சாயங்காலம் அழைத்துப் போனாள். அப்பா முன்சீட்டில், அம்மா பின்னால். பாலம் வரை போய்த் திரும்பினார்கள். வழியெல்லாம் அம்மா சீட்டைத் திட்டினாள். அப்பா இரண்டு முறை "ம்" என்றார்.

வாசலில் நிறுத்தி இறங்கினாள். "அப்பா, ஸ்டியரிங் பக்கம் வந்து உக்காருங்க. அம்மா, நீ முன்னாடி வா. ஒரு ஃபோட்டோ எடுக்கணும், ஃபோன் மேல இருக்கு."

"ஃபோன் உன் கையிலதானேடி இருக்கு?"

"இதுல சார்ஜ் இல்ல."

இடம் மாறினார்கள். கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். அவள் டாஷ்போர்டின் மேல், பழைய துணிக்கு அடியில், காலையிலேயே இரண்டு புனல்களையும் வைத்திருந்தாள். ஒன்று வெட்டிய பாட்டில், மற்றது நீல மடிப்பு. இறங்கும்போது துணியை மட்டும் எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மாடி ஜன்னலில் நான் – அவள் – கன்னத்தைக் கம்பியில் வைத்தாள். கீழே இரண்டு தலைகள். அம்மாவின் கை நீண்டு பாட்டில் புனலை எடுத்தது, திருப்பிப் பார்த்தது. மற்றதை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தது. அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தெரியவில்லை போலும். விரலால் மடிப்பு மடிப்பாகத் தடவினார். ஒரு மடிப்பில் விரல் நின்றது.

பிறகு அவருடைய கைகள் ஸ்டியரிங்கை விட்டு எழும்பின.

கண்ணாடி ஏற்றியிருந்தது. ஒரு சொல்லும் மேலே வரவில்லை. முடிவு காதில் விழ வேண்டும் என்பார் ஆசிரியை. விழவில்லை, ஆகவே எழுதவில்லை. அவர்கள் என்ன பேசினார்கள் என்பதும், எந்தக் கார் வந்தது என்பதும் இனி உங்கள் பொறுப்பு. உங்கள் வீட்டிலும் பேசாதவர் ஒருவர் இருப்பார். அவர் எங்கே உட்கார்ந்தால் பேசுவார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இந்தப் பக்கம் முடிகிறது. கீழே இன்னும் டப் கேட்கவில்லை.

நாளை: டேங்கை விளிம்பு வரை நிரப்பி, யாரும் ஊற்றாத பெட்ரோலில் பழைய காரை மறுபடி அளக்கத் தொடங்க வேண்டும். காலையில் ஷோரூமுக்கு ஃபோன் செய்து பதில் சொல்ல வேண்டும்.