மறுபடியும் ஓர் இனிஷியல்

இன்னொரு தடவை என்னால் முடியாது. ஒரு கையெழுத்துத்தானே, போட்டால் முடிந்தது என்று இவர்கள் நினைக்கிறார்கள். போட்ட பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கும் என்று யாரிடம் சொல்ல?

அருணாதேவி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. குழம்பைக் கிளறிவிட்டு அடுப்பைத் தணித்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்தவள் சேலைகூட மாற்றவில்லை. தாயில்பட்டியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கெண்டைக்கால் இரண்டும் விண்விண்ணென்று வலித்தன. கூடத்தில் மாமியார் பொன்னுத்தங்கமும் கணவன் மகேஷ்குமாரும் அவளுக்காகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் கெஜட்டுக்கு அனுப்பவேண்டிய பெயர் மாற்ற விண்ணப்பம். மகேஷ்குமாரே எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தான்.

அவர்களுக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகம். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கப் போவார்கள். ஆல்பத்தின் முதல் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே, வீட்டு ஆட்களின் பெயர்களைப் போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். இந்த வருஷம் புது மருமகளின் பெயரும் வரவேண்டும்.

"வா தாயி, உக்காரு. காப்பி குடிச்சியா?" என்றாள் பொன்னுத்தங்கம்.

"ஆச்சு அத்தை."

"முதப் பக்கம் நாளைக்கு மெஷின்ல ஏறணுமாம். நம்ம அச்சகத்துப் பாண்டிச்செல்வம் ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போயிட்டான். 'சோ. அருணாதேவின்னே விடவா, மாத்தவா'ன்னு. அவன் கேக்குற விதமே ஒரு மாதிரியா இருக்கு."

"ஆல்பத்துல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணுன்னு இருக்கக் கூடாதுன்னுதான் கெஜட்டுலயே மாத்திருவோம்னேன்," என்றான் மகேஷ்குமார். "நீ கையெழுத்து மட்டும் போடு. மிச்சத்துக்கு நான் அலையுறேன்."

அலைவான். பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் பேங்கு சன்னலில் அவன் போய் அவளாக நிற்க முடியாது.

முதல் கல்யாணத்தின்போது ராஜபாண்டியனின் இனிஷியலுக்குச் சந்தோஷமாகத்தான் மாறினாள். அந்தக் கல்யாணம் கோர்ட்டில் முடிந்த பிறகு அப்பா சோலைச்சாமியின் பெயருக்குத் திரும்பவேண்டியிருந்தது. தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள். "எதுக்கும்மா பழையபடி?" என்று எல்லாருமே கேட்டார்கள். ஓர் இடத்தில் ஒருவர் அந்தத் தீர்ப்பை நிதானமாக வாசித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரிடமும் நீட்டினார். ஒவ்வொரு சன்னலிலும் அந்தக் கல்யாணத்தை முதலிலிருந்து சொல்லி முடிக்கவேண்டியிருந்தது. வெளியே பெஞ்சில் அம்மா செல்லத்தாய் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் முடிய வருஷக்கணக்கானது. இனி அதே சன்னல்களில் நின்று, இதற்கு முன்னால் என்ன பெயர், அதற்கும் முன்னால் என்ன பெயர் என்று ஆரம்பிக்க வேண்டும்.

"நாங்கள்லாம் தாலி ஏறுன அன்னைக்கே மாத்திக்கிட்டோம். எங்க ஐயா பேரு என்னன்னு கேட்டா இப்ப யோசிச்சுத்தான் சொல்லணும்," என்று பொன்னுத்தங்கம் தானே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பயலுக்கு மாத்துனேல்ல? எம்பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்றாள்.

"சும்மா இரும்மா," என்றான் மகேஷ்குமார். ஆனால் அவன் கண்கள் அருணாதேவியைவிட்டு நகரவில்லை. அம்மா கேட்டது அவன் கேட்க நினைத்ததுதான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"அம்மா கேட்டது தப்புத்தான். இருந்தாலும் எனக்கும் தோணுதுல்ல," என்றான் மெதுவாக.

அவளுக்குப் பாவமாக இருந்தது. இவனிடம் குறை ஒன்றும் இல்லை. அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது கைப்பையை வாங்கிக்கொள்கிறவன். அவள் அலுப்பைத் தன்மேல் அன்பு இல்லாததாக எண்ணிக்கொள்கிறான். அவளுக்குள் நம்பிக்கைக் குறைவும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறதோ என்னவோ. இல்லையென்று சத்தியம் பண்ண அவளுக்குத் தெம்பில்லை.

"அப்ப எனக்குத் தெரியலங்க," என்றாள். "மாத்துறதுன்னா என்னன்னு."

"தெரியாதப்ப மாத்துனவ தெரிஞ்ச பெறகு மாத்த மாட்டியாக்கும்," என்றாள் பொன்னுத்தங்கம். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம் இருந்தது. "உங்க அப்பா இனிஷியலோட போட்டா வாங்க வர்றவுக என்ன நெனப்பாக? ரெண்டு நாளு தங்க வந்தவளான்னு கேப்பாக. அதுக்குப் பேரையே போடாம விட்டுறலாம்."

அருணாதேவிக்கு அந்தப் பக்கத்தின்மேல் ஆசை இருந்தது. அச்சகத்தில் நின்று, அவன் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் மை காயாமல் மெஷினிலிருந்து வந்து விழுவதைப் பார்க்கவேண்டும் என்று போன வாரம்கூட நினைத்திருந்தாள்.

"விட்டுருங்க அத்தை," என்றாள்.

பொன்னுத்தங்கம் மகனைப் பார்த்தாள். மகேஷ்குமார் விண்ணப்பத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம்னா சரி. அடுத்த ஆடிக்கு?" என்றான்.

"அடுத்த ஆடிக்கும் வேண்டாங்க."

அவன் நீட்டி வைத்திருந்த பேனாவை எடுத்து மூடி, அவன் சட்டைப்பையிலேயே செருகினாள்.