புனலில் அடித்த வாடை

அந்தக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மருந்துக்கான பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். பிராந்தி பாட்டில், நல்லெண்ணெய் பாட்டில் என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் சொல்வது 1988. டி.ஃபார்ம் படித்துவிட்டு, ஐந்நூறு மணி நேரப் பயிற்சிக்காகத் திருச்சுழிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்காதீர்கள்.

பார்மசிஸ்ட் வெள்ளத்துரை சாருக்கு ஒரே ஒரு சட்டம். மருந்து மிக்சரை ஊற்றுவதற்கு முன்னால் பாட்டிலை மோந்து பார்க்க வேண்டும். சுற்றிலும் பருத்திக்காடு. வீட்டுக்கு வீடு காலியான பூச்சிமருந்து பாட்டில் கிடக்கும். அதைக் கழுவி எடுத்து வருகிறவர்களும் உண்டு. லேசாக வாடை அடித்தாலும் வேறு பாட்டில் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் மகள் நான். கண்டவர் வீட்டுப் பாட்டிலில் மூக்கை நுழைக்கவா படித்தேன் என்று ரோஷம். வரிசையில் நிற்கும் பெண்கள் வேறு, "இந்தப் பிள்ள மோந்தே சீக்கச் சொல்லிரும்டீ" என்று சிரிப்பார்கள். சார் இருந்தால் மோப்பேன். அவர் டீ குடிக்கப் போனால் விட்டுவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்து கொடுக்கும் ஜன்னலை அடைக்கப் போகும் நேரம், பலகைக்கு மேலே ஒரு சின்னக் கை மட்டும் வந்தது. கறுப்பு ரப்பர் வளையல் இரண்டு. லேபிளைச் சுரண்டியெடுத்த பழுப்பு நிறப் பாட்டில். பிள்ளையின் தலைகூடத் தெரியவில்லை. சீட்டில் முனீஸ்வரி, வயது ஐந்து, கீழப்பட்டி, சளி, இருமல் என்று இருந்தது. சார் டீக்கடையில் இருந்தார். புனலை வைத்து ஊற்றினேன். பின்னால் நின்ற அம்மாவிடம், "ஒரு நாளைக்கு மூணு தடவ குடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவள்தான் கடைசி ஆள். கால் மணி நேரம் கழித்துக் கழுவுவதற்காகப் புனலை எடுத்தேன். அதன் காம்பிலிருந்து பூச்சிமருந்து வாடை குப்பென்று அடித்தது.

திரும்பி வந்த சாரிடம் நீட்டினேன். மோந்தார். முகம் சுண்டிப்போனது.

"யாரு பாட்டிலு?"

"கீழப்பட்டிப் பிள்ள சார். பஸ்ஸுல போயிச் சொல்லிட்டு வந்துரவா?"

"போனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். உனக்கு சர்ட்டிபிகேட்டு வேணுமா, வேணாமா? புனலக் கழுவு."

கழுவினேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன். அவர் சொன்னார், அதனால் செய்தேன் என்று நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். கீழப்பட்டி பஸ் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிற்கும். அது புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் யாரும் சண்டைக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் மாசம் சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அரசு வேலை கிடைத்து நானே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கை வர ஆரம்பித்தது. கூட்டம் குறைந்த மத்தியான நேரத்தில் பலகை விளிம்பில் வளையலோடு ஏறும். எழுந்து எட்டிப் பார்த்தால் வெறும் சிமெண்டுத் தரை. கல்யாணமாகிப் பந்தல்குடிக்குப் போன பிறகு வீட்டுக்கே வந்துவிட்டது. அடுப்பு மேடை ஓரத்தில், நான் பால் காய்ச்சுகிற நேரமாகப் பார்த்து வரும். உடனே அந்த வாடையும் வரும். நல்ல பாலை எத்தனையோ நாள் கொட்டியிருக்கிறேன். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த மேடைக்கு முதுகு காட்டி நிற்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

1996 டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து முகாமுக்கு ஊர் ஊராக ஆள் பிரித்தார்கள். என் பெயருக்கு நேராகக் கீழப்பட்டி என்று இருந்தது. மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். எட்டு வருஷம் ஓடியது போதும் என்று பஸ் ஏறிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. ஒரே ஒரு வீடுதான் பாக்கி. "அழகுத்தாயி வீட்ல குடுக்க மாட்டாக" என்றார் என்னுடன் வந்த நர்ஸ் கருத்தம்மாள். "அவுக மக முனீஸ்வரி செத்ததுலருந்து அந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரி மருந்தே ஆகாது."

அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

அழகுத்தாய் மடியில் இரண்டு வயசுப் பையனோடு முற்றத்தில் மல்லி புடைத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். "அக்கா, முனீஸ்வரிக்கு அன்னைக்கு மருந்து ஊத்துனது நான்தான். பாட்டில மோந்து பாக்காம ஊத்திட்டேன்."

சுளகு நின்றது.

"அத அவ குடிக்கலயே" என்றார். "வாய்கிட்ட கொண்டுபோனேன், வாட அடிச்சுச்சு. கீழ கொட்டிட்டேன்."

எனக்கு உயிர் வந்தது. அந்த நிமிஷம் நான் சந்தோஷப்பட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

"அப்பறம் எப்படிக்கா?"

"சளி நெஞ்சுல கட்டிருச்சு. அவுக அப்பா, விசத்தக் குடுத்த எடத்துக்கா திரும்பப் போற நீன்னு அருவாளத் தூக்கிட்டாக. வாட மருந்துல இல்ல, நான் கொண்டுபோன பாட்டிலுலன்னு எனக்குத் தெரியும். சொன்னா என்னய வெட்டிப்புடுவாகன்னு வாயப் பொத்திக்கிட்டேன். ஆஸ்பத்திரில இருந்து யாராச்சும் வந்து, பாட்டிலுதான் கோளாறுன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாகளான்னு ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

பையனை இறக்கிவிட்டார்.

"உங்களுக்கு எப்பத் தாயி தெரியும்?"

"அன்னைக்கு மத்தியானமே."

"செவ்வாக்கிழமையேவா?" என்றார். "அவ வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும் இருந்தாளே."